போக மறுக்கும் விருந்தாளி

நமது வீடுகளில் பெரும்பாலும் ஒரு தகர டப்பா இருக்கும். ஒரு காலத்தில் பிஸ்கோத்து வந்த டப்பா. இப்பொழுது அதற்குள்ளே பிஸ்கோத்து இல்லை. போன ஐப்பசியில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது வாங்கிய மாத்திரை அட்டையில் மிச்சம் நான்கு, பாட்டியின் நீர்க்கடுப்புக்கு வாங்கியதில் மிச்சம் மூன்று, எதற்காக வாங்கியது என்று எவருக்குமே நினைவில்லாத மஞ்சள் மாத்திரை இரண்டு. இப்படியாக ஒரு சிறு மருந்துக் கடையே அதில் அடங்கியிருக்கும். வீட்டில் எவரேனும் நாலு தடவை தும்மினால் அலமாரியிலிருந்து டப்பா கீழே இறங்கும். பக்கத்து வீட்டு அம்மாள் வந்து, "உங்களிடம் அந்தச் சிவப்பு மாத்திரை இருக்கிறதா?" என்று கேட்டால், சர்க்கரை கைமாற்றுக் கொடுப்பதைப்போல இரண்டு மாத்திரை கை மாறும்.

பாகலூரில் வசிக்கும் நமக்கு இவ்வழக்கத்தின் காரணமும் தெரியாததல்ல. பூந்தோட்டத்தில் கூலிக்குப் போகிறவர்களுக்கும், ஓசூர்த் தொழிற்பேட்டையில் ராத்திரி முறை பார்க்கிறவர்களுக்கும், டாக்டர் வாசலில் அரை நாள் காத்திருப்பது என்றால் அரை நாள் கூலியை இழப்பது என்றே பொருள். ஆகையால் மருந்துக் கடைக்குப் போய், "ஜுரத்துக்கு நாலு மாத்திரை கொடுங்கள்" என்று வாங்கிக்கொண்டு, இரண்டைத் தின்று, உடம்பு சற்றுத் தேறியதும் மிச்சத்தை டப்பாவில் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை கூறுவது எளிது. அவர்களுடைய இடத்திலிருந்து பார்ப்பது கடினம்.

சென்ற வாரம் வகுப்பில் இவ்விஷயத்தைப் பற்றிப் பேச நேர்ந்தது. கிருமிகளைக் கொல்லும் மருந்துகளைக் கண்டபடி தின்றால், கிருமிகள் அம்மருந்துகளுக்கு மசியாதவையாக மாறிவிடும் என்று பாடத்தில் உள்ளபடியே சொன்னோம். கடைசி வரிசையில் இருந்த ஒரு பையன் எழுந்து நின்றான்.

"சார், நாளை முதல் எல்லோரும் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டால் போயிற்று. எதிரியே இல்லாத ஊரில் எவன் கவசத்தைச் சுமந்துகொண்டு திரிவான்? கிருமியும் கவசத்தைக் கழற்றி எறிந்துவிடும் அல்லவா?"

கேள்வி நியாயமானது. நாமும் நெடுநாளாக அப்படித்தான் எண்ணியிருந்தோம். "திங்கட்கிழமை சொல்லுகிறோம், அப்பா" என்று அவனை உட்காரச் சொல்லிவிட்டு, இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்தோம். படித்ததன் சாரத்தை அவனுக்குச் சொன்னபடியே நேயர்களுக்கும் சொல்லுகிறோம்.

கிருமியின் உடல் ஒரே உயிரணு. அதன் குணங்கள் யாவும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையிலே எழுதப்பட்டிருக்கின்றன. இதை அதன் குலச் சுவடி எனலாம். இதைத் தவிர, பல கிருமிகளிடத்தில் சின்னஞ்சிறு வளையமாக வேறொரு டி.என்.ஏ. உண்டு. இதற்கு விஞ்ஞானிகள் 'பிளாஸ்மிட்' என்று பெயரிட்டிருக்கிறார்கள். நாம் வளையம் என்றே சொல்லுவோம். இவ்வளையம் குலச் சொத்தல்ல. வந்து குடியேறிய விருந்தாளி. ஒரு கிருமி மற்றொரு கிருமியைத் தொட்டு, தன் வளையத்திற்கு ஒரு பிரதி எடுத்துக் கொடுத்துவிடக் கூடும். மருந்தை முறியடிக்கும் வித்தை இத்தகைய வளையங்களில் எழுதப்பட்டு, கிருமிக்குக் கிருமி கைமாறுகிறது என்பதை முதன்முதலில் ஜப்பானிய டாக்டர்கள், 1950-களில் அந்நாட்டில் பரவிய சீதபேதியை ஆராய்ந்தபோது கண்டார்கள்.

அவ்வகை வளையங்களில் பெயர் பெற்றது 'ஆர்.1' என்பது. 1963-ல் பாராட்டைபாய்டு இனத்துக் கிருமி ஒன்றிலிருந்து அது எடுக்கப்பட்டது. ஆம்பிசிலின், குளோராம்பெனிகால், கானமைசின், ஸ்ட்ரெப்டோமைசின், சல்பா ஆகிய ஐந்து வகை மருந்துகளையும் எதிர்த்து நிற்கும் வித்தை அந்த ஒரே வளையத்தில் எழுதப்பட்டிருந்தது. ஐந்து பூட்டுகளுக்கும் ஒரே சாவிக்கொத்து என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி நமது மாணவனுடைய வாதத்துக்கு வருவோம். வளையத்தைச் சுமப்பது கிருமிக்குச் செலவு. அதற்குப் பிரதி எடுக்கவேண்டும்; அதில் எழுதியதையெல்லாம் உருவாக்கவேண்டும். கிருமி இரண்டாகப் பிளந்து பெருகும்போது, எப்போதாவது ஒரு குஞ்சுக்கு வளையம் போய்ச் சேராமல் தவறிவிடும். சுமையில்லாத அந்தக் குஞ்சு சுறுசுறுப்பாகப் பெருகவேண்டும். மருந்து இல்லாத ஊரில் நாளடைவில் வளையமில்லாதவையே நிறைந்து, வளையம் பூண்டவை அருகிப் போகவேண்டும். கணக்கு இப்படித்தான் சொல்லுகிறது.

ஆனால் உலகம் கணக்குப்படி நடக்கவில்லை. இங்கிலாந்தில் சல்பா மருந்துக்கு 1991-ல் வருஷத்திற்கு சுமார் 3,20,000 சீட்டுகளை டாக்டர்கள் எழுதினார்கள். 1999-ல் அது 7,000-க்குச் சுருங்கிவிட்டது. ஏறக்குறைய மருந்தையே நிறுத்திவிட்டார்கள் என்று சொல்லலாம். அப்பொழுது லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் 'ஈ.கோலி' என்னும் குடற்கிருமிகளைச் சோதித்துப் பார்த்தார்கள். 1991-ல் அவற்றில் நூற்றுக்கு 39.7 சல்பாவுக்கு மசியாதவையாக இருந்தன. 1999-ல் எவ்வளவு குறைந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? குறையவில்லை, 46 ஆக ஏறியிருந்தது! எதிரி ஏறக்குறைய ஊரைவிட்டே போன பிறகும் கிருமி கவசத்தைக் கழற்றவே இல்லை.

இதற்குக் காரணங்கள் பல. ஒரே வளையத்தில் ஐந்து வித்தைகள் சேர்ந்திருப்பதால், ஒரு மருந்தை நிறுத்தி மற்றொன்றைக் கொடுத்தாலும் வளையம் முழுவதும் பிழைத்துக்கொள்ளுகிறது என்பது ஒன்று. ஆனால் அவற்றுள் நம்மைத் திகைக்கச் செய்தது வேறொரு காரணம். விருந்தாளி போவதில்லை, போனால் வீட்டுக்காரனைக் கொன்றுவிட்டுத்தான் போவான். அதற்கான ஏற்பாட்டை அவன் வந்த அன்றைக்கே செய்து வைத்துவிடுகிறான்.

இந்த ரகசியத்தின் முதல் நுனியை 1983-ல் ஓகுரா, ஹிராகா என்னும் இரண்டு ஜப்பானிய விஞ்ஞானிகள் 'எப்' என்னும் வளையத்தில் பிடித்தார்கள். 1986-ல் டென்மார்க்கைச் சேர்ந்த கென் கெர்டெஸ், ராஸ்முஸ்ஸன், மோலின் ஆகிய மூவர் நமது ஆர்.1 வளையத்திலேயே மற்றொரு நுனியைப் பிடித்து இழுத்து, முழுக் கதையையும் வெளிப்படுத்தத் தொடங்கினார்கள். வளையத்தில் ஓரிடத்தில் இரண்டு கட்டளைகள் எதிரும் புதிருமாக எழுதப்பட்டிருக்கின்றன. ஒன்றின் பெயர் 'ஹோக்'. வீட்டுக்காரனைக் கொல்லுவது என்பதன் சுருக்கம். மற்றொன்றின் பெயர் 'ஸோக்'. கொலையை அடக்குவது என்பதன் சுருக்கம். விஷமும் மாற்று மருந்தும் ஒரே ஏட்டின் இரண்டு பக்கங்களில் இருக்கின்றன.

இங்கே ஆர்.என்.ஏ. என்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். டி.என்.ஏ. மூலச் சுவடி என்றால், ஆர்.என்.ஏ. என்பது அதிலிருந்து வேலைக்காக எடுக்கும் நகல். தாசில்தார் கச்சேரியில் மூலப் பதிவேட்டை வெளியே விடமாட்டார்கள். நகல் எடுத்துத்தான் கொடுப்பார்கள் அல்லவா? அதைப் போன்றது. அந்த நகலைப் படித்துப் புரதங்களை உண்டாக்குவது உயிரணுவின் அன்றாடத் தொழில். ஹோக் என்ற கட்டளையின் நகலைப் படித்தால், 52 அமினோ அமிலங்களாலான ஒரு குட்டிப் புரதம் பிறக்கும். அது கிருமியின் உட்சவ்வில் போய்ப் பதிந்து, அதன் மின்சக்தியைக் குலைத்துவிடும். கிருமி செத்துப் போகும். சாகும் கிருமியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் நடுவெல்லாம் வெறுமையாகி, இரு முனைகளில் மட்டும் கறுத்துத் தெரியுமாம். விஞ்ஞானிகளே அதற்குப் 'பேய் அணு' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஸோக்கோ புரதத்துக்கான கட்டளையல்ல. அது சுமார் 65 எழுத்துக்களே உள்ள ஒரு துண்டு ஆர்.என்.ஏ. அதன் எழுத்துக்கள் ஹோக் நகலின் வாசற்பகுதி எழுத்துக்களோடு, ரம்பத்தின் பல்லும் பல்லும் பொருந்துவதைப்போலப் பொருந்திவிடும். பொருந்தியதும் நகலைப் படிக்க முடியாது. பிறகு அத்தகைய இரட்டை இழையையே தேடி வெட்டும் ஓர் என்ஸைம் வந்து இரண்டையும் சேர்த்து நறுக்கிவிடும். இவ்வளவு சிறிய துண்டு அவ்வளவு பெரிய கொலையைத் தடுத்து நிற்கிறது. சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்று நம்மவர்கள் சொன்னது வீண்போகவில்லை.

இனிமேல்தான் சூழ்ச்சி இருக்கிறது. ஹோக் நகல் நெடுநாள் நிற்பது. ஸோக் துண்டு அரை நிமிஷத்தில் பாதி அழிந்துபோவது. ஒன்று பெட்டியிலே பூட்டி வைத்த பத்திரம். மற்றொன்று காலையில் தொடுத்துச் சாயங்காலம் வாடும் பூச்சரம். பத்திரத்தை ஒரு தடவை எழுதி வைத்தால் போதும். பூவையோ தினந்தோறும் புதிதாகப் பறித்துக்கொண்டே இருக்கவேண்டும். வளையம் வீட்டில் இருக்கும் வரையில் ஸோக்கை இடைவிடாமல், ஏராளமாக உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. ஆகையால் கிருமிக்கு ஓர் அபாயமும் இல்லை.

"அப்படியானால் ஹோக் நகல்கள் எல்லாவற்றையும் ஸோக் உடனுக்குடன் அழித்துவிடாதா? அப்புறம் கொலை செய்வதற்கு எது மிச்சமிருக்கும்?" என்று கூர்மையுள்ள நேயர் ஒருவர் கேட்கலாம். அதற்கும் வழி செய்யப்பட்டிருக்கிறது. ஹோக் நகல் பிறக்கும்போது சுருட்டி முத்திரையிட்ட ஓலையாகவே பிறக்கிறது. அதன் தலையும் வாலும் ஒன்றோடொன்று மடிந்து ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் அதைப் படிக்கவும் முடியாது. ஸோக் அதைப் பிடிக்கவும் முடியாது. இப்படி முத்திரையிட்ட ஓலைகள் உயிரணுவுக்குள்ளே சேர்ந்துகொண்டே வருகின்றன. காலம் செல்லச் செல்ல வால் நுனி கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, முத்திரை உடைந்து, ஓலை விரியும். விரிந்த க்ஷணமே ஸோக் அதன்மேல் பாய்ந்து அதை மூடிவிடும்.

ஒரு குஞ்சுக்கு வளையம் போய்ச் சேரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தாயின் வயிற்றிலிருந்த முத்திரையோலைகள் பாகப்பிரிவினையில் அதற்கும் வந்துவிட்டன. ஸோக்கும் கொஞ்சம் வந்தது. ஆனால் சில நிமிஷங்களில் அது வாடி உதிர்ந்துவிட்டது. புதிதாக உண்டாக்குவதற்கோ வளையம் இல்லை. ஓலைகள் ஒவ்வொன்றாக விரிகின்றன, மூடுவார் எவருமில்லை. ஹோக் பிறக்கிறது, குஞ்சு பேயாகிறது. ஆகவே, வளையத்தை இழந்தவை பெருகுவதே இல்லை, வளையமுள்ளவையே மிஞ்சுகின்றன. கிருமி வளையத்தை விரும்பி வைத்துக்கொண்டிருக்கவில்லை. விட முடியாமல் வைத்துக்கொண்டிருக்கிறது.

இத்தகைய ஜோடிகள் பல மாதிரி உண்டு. 1983-ல் கண்ட எப் வளையத்து ஜோடியில் மாற்று மருந்தும் ஒரு புரதமே. ஆனால் அதுவும் சீக்கிரம் அழிவது, விஷமோ நிலைத்து நிற்பது, தத்துவம் ஒன்றுதான். 'ஸி.ஸி.டி.பி.' என்னும் அந்த விஷத்தை ஆராய்கிறவர்களைத் தேடி நாம் கடல் கடந்து போகவேண்டியதில்லை. நமது ஊரில் காலையில் பஸ் ஏறினால் மத்தியானத்திற்குள் போய்ச் சேரக்கூடிய பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ராகவன் வரதராஜன் என்னும் பேராசிரியரும் அவருடைய மாணவர்களும், அந்தப் புரதத்தில் ஒவ்வோர் இடமாக மாற்றி, ஆயிரத்துக்கு மேற்பட்ட மாறுதல்களைச் செய்து பார்த்து, எந்த மாறுதல் விஷத்தைச் செயலற்றதாக்குகிறது என்று நுணுகிக் கண்டிருக்கிறார்கள்.

மற்றொரு மாதிரியில் ஆர்.என்.ஏ. துண்டு நகலை மூடுவதில்லை. விஷப் புரதத்தையே நேரில் கட்டிப் பிடித்துக்கொள்ளுகிறது. இதை 2009-ல் இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜில் ஸால்மண்டும் அவருடைய குழுவினரும், உருளைக்கிழங்கை அழுகச் செய்யும் கிருமி ஒன்றில் கண்டார்கள். கிருமியைத் தின்னும் வைரஸ் உள்ளே நுழைந்ததும் கட்டு அவிழ்ந்து, விஷம் வெளிப்பட்டு, அந்த ஒரு கிருமி தானே மடிந்து, அண்டையிலுள்ள தன் இனத்தைக் காப்பாற்றிவிடுகிறது. விருந்தாளி கொண்டுவந்த கத்தி சில சமயம் வீட்டுக்குக் காவலாகவும் பயன்படுகிறது போலும்.

கிருமிகளின் குலச் சுவடியிலேயே இப்படிப்பட்ட ஜோடிகள் உண்டு. அவற்றில் ஒன்றை நமது தகர டப்பாவின் சம்பந்தமாகச் சொல்லவேண்டும். ஈ.கோலியிடம் 'டிஸ்பி' என்ற ஒரு விஷமும், அதை அடக்கும் 'இஸ்டர்' என்ற சிறு ஆர்.என்.ஏ.யும் இருப்பதை 2004-ல் கண்டார்கள். கிருமியின் டி.என்.ஏ.க்குக் காயம் உண்டாகும்போது, விஷத்தின் நகல்கள் ஸோக்கைப் போன்ற இந்தக் காவலைவிட அதிகமாகிவிடும். ஆனால் இங்கே விஷம் கிருமியை உறங்கச் செய்கிறது. நமது மருந்துக் கடைகளில் சர்வ சாதாரணமாகக் கேட்டு வாங்கப்படும் ஸிப்ரோபிளாக்ஸஸின், டி.என்.ஏ.யைக் காயப்படுத்தும் மருந்து. அந்த மருந்தே ஒரு சில கிருமிகளை இவ்விதமாக உறங்கச் செய்து, தன் கையிலிருந்தே தப்பவிடுகிறது என்று 2010-ல் அமெரிக்காவில் கிம் லூயிஸும் அவருடைய சகாக்களும் காட்டினார்கள்.

இந்த உறக்கத்தின் விஷயத்தில் அவசரப்பட்டு எல்லாவற்றையும் நம்பிவிடக் கூடாது என்பதற்கும் ஒரு கதை உண்டு. கிருமிகள் உறங்குவதற்கெல்லாம் பத்து விஷ ஜோடிகளே காரணம் என்று 2011-லும் 2013-லும் இரண்டு கட்டுரைகள் வெளியாகி மிகுந்த புகழ் பெற்றன. பின்னர் அந்தச் சோதனைக்குரிய கிருமிகளில் ஒரு வைரஸ் கலந்திருந்தது தெரியவந்தது. 2018-ல் அக்கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அவற்றுக்குத் தலைமை தாங்கியவர் வேறு எவருமல்ல. ஹோக்கையும் ஸோக்கையும் உலகுக்குக் காட்டிய அதே கெர்டெஸ்தான். தம்முடைய ஆராய்ச்சிக்கூடத்தின் பிழையைத் தாமே சோதித்து அச்சில் வெளியிட்ட பிறகு, கட்டுரைகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். நாம் மாணவர்களுக்கு இந்தக் கதையையும் சொல்லுவதுண்டு. தவறு செய்யாதவன் விஞ்ஞானியல்ல. தவறை மறைக்காதவனே விஞ்ஞானி.

இதெல்லாம் எங்கேயோ சோதனைச்சாலையில் நடக்கும் விநோதம்; நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. 2008-ல், டில்லியில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய ஒருவரிடம், கடைசி ஆயுதமென்று டாக்டர்கள் சேமித்து வைத்திருக்கும் கார்பபெனம் மருந்துகளையே முறித்துப்போடும் ஓர் என்ஸைம் அகப்பட்டது. அதற்கு 'நியூ டெல்லி' என்ற பெயரைச் சேர்த்து என்.டி.எம்.1 என்று அழைத்தார்கள். 2010 ஆகஸ்டில் வெளியான ஆராய்ச்சியில், அதையுடைய கிருமிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேசம் ஆகிய நாடுகளின் மற்ற இடங்களில் 73 என்று கணக்குக் காட்டப்பட்டது. அக்கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைச் சர்வகலாசாலையைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி என்னும் தமிழரே. அந்த வித்தை பெரும்பாலும் வளையங்களில் எழுதப்பட்டிருந்தது, ஆர்.1 சேர்ந்த குடும்பத்து வளையங்களிலும் அது ஏறியிருப்பது பிற்பாடு தெரியவந்தது.

நமது தலைநகரின் பெயரை ஒரு விஷக் கிருமிக்கு வைப்பதாவது என்று தேசமே கொதித்தது. சர்க்காரும் ஆட்சேபித்தது. ஆட்சேபித்தது நியாயமே, ஒரு நாட்டைத் தூற்றுவதற்காக விஞ்ஞானம் ஏற்படவில்லை. ஆயினும் தேசாபிமானம் பெயரோடு நின்றுவிட்டால் போதுமா? 2011-ல் டில்லித் தெருக்களில் தேங்கிய நீரில் 171 மாதிரிகளை எடுத்துப் பார்த்ததில் 51-லும், குடிநீர்க் குழாய் மாதிரிகள் 50-ல் 2-லும் அந்த வித்தையின் எழுத்துக்கள் தென்பட்டன. பெயரைத் துடைத்துவிடலாம். சாக்கடையைத் துடைக்காமல் கிருமியைத் துடைக்க முடியாது.

நல்ல வேளையாக நம்மவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. 2012 ஆகஸ்டில் டாக்டர்கள் சென்னையில் கூடி, இம்மருந்துகளைக் காப்பதற்கு ஒரு திட்டம் வகுத்தார்கள். அதற்கே 'சென்னைப் பிரகடனம்' என்று பெயர். 2014 மார்ச்சு முதல், 46 மருந்துகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது, விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்கவேண்டும் என்று சர்க்கார் சட்டம் செய்தது. கோழிப் பண்ணைகளில் தீனியோடு கலந்து கொடுக்கப்பட்டு வந்த கொலிஸ்டின் மருந்து 2019-ல் தடை செய்யப்பட்டது. மாத்திரை அட்டையின்மேல் ஒரு சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சொல்லாமல் அதை உண்ணலாகாது என்பதற்கு அடையாளம். படிக்கத் தெரியாதவர்களும் கோட்டைக் காணலாம். சட்டமும் கோடும் இருக்கின்றன. அவற்றை மதிக்கும் கடைக்காரரும் வாங்குகிறவரும்தான் வேண்டும்.

ஒட்டிக்கொண்ட வளையத்தைக் கழற்றவே முடியாதா? முடியும் என்று முயலுகிறவர்கள் உண்டு. இங்கிலாந்தில் பர்மிங்காம் சர்வகலாசாலையைச் சேர்ந்த கிறிஸ்டோபர் தாமஸும் அவருடைய குழுவினரும் 2010 முதல் ஒரு யுக்தியை விவரித்து வருகிறார்கள். விஷங்களை விட்டுவிட்டு, மாற்று மருந்துகளை மட்டும் எழுதிய புதிய வளையம் ஒன்றைக் கிருமிக்குள் அனுப்புகிறார்கள். அது பழைய வளையம் பிரதியெடுப்பதையும் தடுக்கிறது. பழையது போனாலும் மாற்று மருந்து கிடைத்துக்கொண்டிருப்பதால் கிருமி சாவதில்லை. கவசத்தை இழந்து, பழையபடி மருந்துக்கு மசிகிற கிருமியாகிவிடுகிறது. விருந்தாளியின் மிரட்டலைப் பயனற்றதாக்கி, அவனை வாசலுக்கு வெளியே அனுப்பும் வழி இது. சோதனைச்சாலையில் வெற்றி கண்டிருக்கிறார்கள். நமது ஊர் ஆஸ்பத்திரிக்கு அது வந்து சேரும்வரை காத்திருப்பதற்கு நம்முடைய காய்ச்சல்களுக்குப் பொறுமை இராது.

ஆகவே திங்கட்கிழமை அந்தப் பையனிடம் சொன்னது இதுதான்: "நிறுத்தினால் கொஞ்சம் பயன் உண்டு, அப்பா. புதிய வளையங்கள் சேராமலாவது இருக்கும். ஆனால் வந்துவிட்ட விருந்தாளி, நாம் சோறு போடுவதை நிறுத்தியதும் போய்விடுவான் என்று நம்பாதே. அவனை வாசலிலேயே நிறுத்துவதுதான் புத்திசாலித்தனம்."

வாசலில் நிறுத்துவதற்குப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம். சளிக்கும் சாதாரண ஜலதோஷத்துக்கும் பெரும்பாலும் காரணம் வைரஸ். கிருமிக்கொல்லி மாத்திரை அதை ஒன்றும் செய்யாது. அதற்குப் போய் அதைத் தின்பது, எலிக்குப் பயந்து வீட்டுக்கு நெருப்பு வைப்பதைப் போன்றது. டாக்டர் கொடுத்தால், அவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை உண்ணவேண்டும், சந்தேகமிருந்தால் அவரையே கேட்கவேண்டும், நாமே நிறுத்திக்கொள்ளலாகாது. க்ஷயரோக மருந்தில் இது உயிருக்குச் சமமான விஷயம். மாதக்கணக்கில் உண்ணவேண்டிய அம்மருந்து சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசமாகவே கிடைக்கிறது. கைகழுவுவது, நீரைக் காய்ச்சிக் குடிப்பது, குழந்தைகளுக்கு உரிய காலத்தில் தடுப்பூசி போடுவது ஆகியவை நோயையே தடுப்பதால், மருந்துக்கும் வேலை வைப்பதில்லை. வளையத்துக்கும் இடம் கொடுப்பதில்லை. முதலாளிமார்களுக்கும் ஒரு வார்த்தை உண்டு: காய்ச்சலில் கிடக்கும் தொழிலாளிக்கு டாக்டரைப் பார்த்துவர அரை நாள் சம்பளத்தோடு விடுமுறை கொடுத்தால், அந்த அரை நாளில் ஊரே லாபமடையும்.

இந்தச் சிறு ஆர்.என்.ஏ. நமக்கு மற்றொரு பாடமும் சொல்லுகிறது. விஷம் ஒரு தடவை எழுதி வைத்தாலே நிலைத்து நிற்கிறது. அதை அடக்கும் காவலோ அரை நிமிஷத்துக்கொரு தரம் புதுப்பிக்கப்பட வேண்டியிருக்கிறது. சுகாதாரமும் அப்படித்தான்; நாட்டின் நன்மைகள் எல்லாமே அப்படித்தான். நேற்றுக் கைகழுவியது இன்றைக்கு உதவாது. நேற்று எழுதிய சட்டமும், இன்று அதை நடத்துவார் இல்லாவிட்டால் வாடிய பூச்சரமே.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த பையன் கடைசியில், "எங்கள் வீட்டு டப்பாவை என்ன செய்வது, சார்?" என்றான். "தானே எடுத்து உண்ணவும் வேண்டாம், பிறருக்குக் கைமாற்றாகக் கொடுக்கவும் வேண்டாம், சாக்கடையில் கொட்டவும் வேண்டாம். அம்மாவிடம் சொல்லி, அடுத்த தடவை போகும்போது டாக்டரிடமே காட்டிக் கேட்கச் சொல்லு" என்றோம். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நமது அலமாரியிலிருந்த டப்பாவையும் கீழே இறக்கிப் பார்த்தோம். உபதேசம் செய்கிறவர் வீட்டு டப்பாவில் ஒன்பது மாத்திரைகள் இருந்தன. இப்பொழுது அதில் பொத்தான்களும் ஊசி நூலும் இருக்கின்றன.